ஒரு ஸ்டாப் வெளிச்சம்

மயிலாப்பூர்
3 ஆகஸ்ட் 2025

வலியுல்லாவுக்கு,

ஐந்தரை வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அது போதும். உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன், அதை விடுவிக்கும் எண்ணம் இல்லை. தபாலில் ஒரு வசதி இருக்கிறது. நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் அனன்யா, அடையாறில் நீ நடத்தும் ஞாயிற்றுக்கிழமை போட்டோ வகுப்புக்குப் போகிறாளாம். நேற்று ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். “அங்கிள், எங்க மாஸ்டர் குடுத்தது. நீங்களும் போட்டோகிராபர்தானே, பாருங்களேன்” என்றாள். தலைப்பைப் பார்த்தேன். ‘டெலிஜூம் லென்ஸில் முகப்படம்: சரியான எக்ஸ்போஷர் பெறுவது எப்படி?’ கீழே உன் பெயர்.

மாஸ்டர்! தி. நகரில் பதினான்கு வருடம் நாம் சேர்ந்து ஸ்டுடியோ நடத்தினோம். கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு வந்து நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அந்தத் தாளில் முக்கால்வாசி. முகத்தில் விழும் வெளிச்சத்திலேயே உள்ளங்கையை நீட்டி, அதை அளந்து, அதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டு, அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கு என்று சொன்னது யார்? முகம் எந்த நிறமானாலும் உள்ளங்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொன்னது யார்? முந்நூறு மில்லிமீட்டருக்கு இழுத்தால் ஷட்டர் முந்நூறில் ஒரு பங்கு நொடியைவிட மெதுவாகப் போகக் கூடாது, கை ஆடினால் முகமும் ஆடிவிடும் என்று? இதற்காக நான் எழுதவில்லை. என் ஆய்வுக் கட்டுரையில் துறைத்தலைவர் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டதையே பார்த்தவன் நான். எனக்கு இதெல்லாம் பழக்கம்.

ஏழாவது குறிப்புக்காக எழுதுகிறேன். “சில ஜூம் லென்ஸ்களில் தூரத்தை இழுக்க இழுக்க அப்பர்ச்சர் துவாரம் தானாகவே சுருங்கிவிடும் (எண் ஏறும்), வெளிச்சம் குறையும். நன்றாகப் படித்த என் நண்பர் ஒருவர் இதை மறந்து ஒரு நல்ல முகத்தைக் கரியாக்கினார்.”

யார் அந்த நண்பர்? எந்த முகம்? உன் அக்கா ஹமீதுன்னிசாவை நான் பட்டினப்பாக்கம் கடற்கரையில் எடுத்த படத்தைத்தானே சொல்கிறாய்? அந்தப் படத்தில் ஒரு தவறும் இல்லை. இருந்ததை இருந்தபடி எடுத்தேன். அதைக் கெடுத்தவன் நீ. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சொந்த அக்காவின் முகத்துக்கு வெள்ளையடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினாய். அவர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்பது உனக்குத் தெரியும்.

ஏழாவது குறிப்பை எடுத்துவிடு.

ஸ்ரீனிவாசராகவன்


அடையாறு
9 ஆகஸ்ட் 2025

ராகவா,

கடிதம் வந்தது. தபால்காரர் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், “இன்னா பாய், கையால எழுதின லெட்டர்லாம் வருது? கோர்ட்டு கேஸ் எதுனா கீதா?” கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

குறிப்புகள் உன்னுடையவை. மறுக்கவில்லை. முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன், இதெல்லாம் ஒரு வாத்தியாரிடம் கற்றது என்று. பெயர் சொன்னால் நீ வழக்குப் போடுவாய் என்று பயந்து சொல்வதில்லை.

வெள்ளையடித்தேன் என்கிறாய். அடித்தேன். இல்லையென்று அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் நீ அதை எங்கே வைத்துச் சொன்னாய்? கல்யாண ஆல்பம் வாங்க வந்த ஒரு குடும்பமே ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தது. அந்த மணப்பெண்ணின் அப்பா பக்கம் திரும்பி, “பார்த்துக்குங்க சார், சொந்த அக்கா மூஞ்சிக்கே சுண்ணாம்பு அடிச்சவன் இவன், உங்க பொண்ணை விட்டுவைப்பானா?” என்றாய். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? பிறகு என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த மாதம் ஊரடங்கு வந்து ஸ்டுடியோவே மூடிப்போனது. நம் சண்டையால்தான் மூடியது என்று யாரும் சொல்லாமல் போனது ஒன்றுதான் லாபம்.

ஏன் வெள்ளையடித்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. உன் படத்தில் ஹமீதுன்னிசா ஆபாவின் கண்ணே தெரியவில்லை, ராகவா. பல் மட்டும்தான் தெரிந்தது. அதை யாருக்கு அனுப்ப முடியும்? வெளிச்சத்தைக் கூட்டினேன். கூட்ட ஆரம்பித்தவன் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் கூட்டிக்கொண்டே போய்விட்டேன். அது என் தவறு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உன் கேமராவில் இருந்தது எந்த லென்ஸ்?

வலியுல்லா


மயிலாப்பூர்
14 ஆகஸ்ட் 2025

வலியுல்லாவுக்கு,

உன் லென்ஸ். அதனால் என்ன? என்னுடையது பூஞ்சை பிடித்து ஈக்காட்டுத்தாங்கலில் மெஹபூப் அலியின் பட்டறையில் இருந்தது. உன் எழுபது-முந்நூறை வாங்கி மாட்டிக்கொண்டேன். இருபது வருடம் படமெடுத்தவனுக்கு லென்ஸ் மாறினால் கை மறந்துவிடுமா?

அன்று நடந்தது எனக்கு நிமிஷம் நிமிஷமாக ஞாபகம் இருக்கிறது. 2020 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. சூரியன் ஆபாவுக்குப் பின்னால், முகம் கடலைப் பார்த்து. கேமரா கிட்டே வந்தால் அவர் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார் என்பதற்காகத்தான் டெலிஜூமே எடுத்துப் போனோம். லென்ஸை எழுபதுக்குச் சுருக்கி வைத்து, உள்ளங்கையை அந்த நிழலில் காட்டி அளந்தேன். அப்பர்ச்சர் நான்கு. ஒரு ஸ்டாப் கூட்டினேன். இருபது அடி பின்னால் போய், முந்நூறுக்கு இழுத்தேன். மீட்டரைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஒருமுறை அளந்தால் அளந்ததுதான்.

அப்போது அந்த மீன்கடை அம்மாள் கத்தினாள். “இன்னா சார், அம்மாந்தூரத்துல நின்னுக்கினு படம் புடிக்கிற? அந்தம்மா இன்னா கடிச்சிடுமா?” ஆபா சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு நொடியை எடுத்தேன். ஒன்றே ஒன்று. அடுத்த நொடி முந்தானை வந்துவிட்டது.

முகம் கறுப்பாக வந்தது என்றால், அவர் கறுப்பு. நிழலில் இருந்தார். கேமராவுக்குக் கறுப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. எல்லாவற்றையும் நடுவிலிருக்கும் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். அதற்கு இணங்காமல், கறுப்பைக் கறுப்பாக எடுப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும். அந்த நேர்மைக்காகத்தான் உன்னுடன் சண்டை போட்டேன். உனக்கு அது புரியவில்லை.

ஜெயலக்ஷ்மி இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன்னா, அஞ்சு வருஷமா இதையே நெனச்சுண்டிருக்கேளே, அந்தப் படத்தை ஒருதரமாவது தெறந்து பார்த்தேளா?” என்கிறாள். பார்க்கவேண்டிய அவசியம் என்ன?

பின்குறிப்பு: உன் தாளில் நான்காவது குறிப்பில் உள்ளங்கைக்கு இரண்டு ஸ்டாப் என்று போட்டிருக்கிறாய். ஒன்று. ஒன்றேதான். அடுத்த ஞாயிறு திருத்திச் சொல்.

ஸ்ரீனிவாசராகவன்


அடையாறு
19 ஆகஸ்ட் 2025

ராகவா,

ஜெயலக்ஷ்மி அண்ணி கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். படத்தைத் திறந்து பார்.

என் லென்ஸில் எழுபதில் வைத்தால் அப்பர்ச்சர் நான்கு. முந்நூறுக்கு இழுத்தால் ஐந்து புள்ளி ஆறு. நீ கேட்காமலே சுருங்கிவிடும். உன் லென்ஸ் விலை உயர்ந்தது, எவ்வளவு இழுத்தாலும் நான்கு நான்காகவே இருக்கும். உன் கைக்கு அதுதான் பழக்கம். நீ கூட்டிய ஒரு ஸ்டாப்பை என் லென்ஸ் எடுத்துக்கொண்டது. ஆபாவின் முகத்துக்குக் கிடைத்தது பாதி வெளிச்சம்.

இது எனக்கு அன்று சாயங்காலமே தெரியும். கம்ப்யூட்டரில் போட்டவுடன் எண்கள் வந்து நின்றன. உன்னைக் கூப்பிட்டுச் சொல்லப் போனேன். ஆபா தடுத்தார். “சொல்லாத வலி. அந்த மனுஷன் வாத்தியாரு. தப்புன்னு அடுத்தவன் சொன்னா தாங்க மாட்டாரு. தானா பார்த்துக்கட்டும்” என்றார். சரி என்று விட்டேன். அப்புறம் நீ ஸ்டுடியோவில் அப்படிப் பேசினாய். அன்றிலிருந்து நான் சொல்லாமல் இருந்ததற்கு ஆபா காரணமில்லை. உன் தவறைக் கொள்கையாக்கிக்கொண்டு நீ ஊரெல்லாம் நடப்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. அனன்யா எந்தத் தெரு, எந்த வீட்டு மாடி என்று எனக்குத் தெரியும். ஏழாவது குறிப்பு மற்றவர்களுக்குக் கொடுத்த தாளில் கிடையாது. அவளுக்குக் கொடுத்த ஒரு பிரதியில் மட்டும்தான் இருந்தது. போனைத் தடுத்து வைத்திருக்கும் ஆளிடமிருந்து பதில் வாங்க வேறு வழி தெரியவில்லை. கோபம் வந்தால் நீ எழுதுவாய் என்று தெரியும்.

ஏன் இவ்வளவு சிரமம் என்றால், ஆபாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. அவருக்கு இப்போது நாற்பத்தேழு. உபைத் என்று பெயர், மனைவி தவறி நான்கு வருடம் ஆகிறது, ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறார். நல்ல மனிதராகத் தெரிகிறது. ஆபா ஆரி வேலை செய்த ஒரு ரவிக்கையை அவருடைய தங்கை எங்கோ பார்த்து, யார் தைத்தது என்று விசாரித்துக்கொண்டு வந்த சம்பந்தம். ஒரு படம் கேட்கிறார்கள்.

போன தடவை வந்தவர்கள், “போட்டோல வேற மாதிரி இருந்தாங்களே” என்று டீயைக் குடிக்காமல் எழுந்து போன பிறகு, ஆபா எந்தக் கேமரா முன்னாலும் நிற்பதில்லை. புதிதாக எடுக்கலாம் என்றேன். “புதுசா எதுக்கு? பீச்ல சிரிச்சேனே, அது எங்க? நீ வெள்ளையாக்கினது வேணாம். அவரு கரியாக்கினதும் வேணாம். நடுவுல நான் இருப்பேன் இல்ல, அதைக் கொண்டா. இல்லைன்னா படமும் வேணாம், சம்பந்தமும் வேணாம்” என்கிறார்.

என்னிடம் வெள்ளையடித்தது மட்டும்தான் இருக்கிறது. மூலப் படம், ஸ்டுடியோவின் மற்றப் படங்களைப் போல, உன் டிஸ்கில் இருக்கிறது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் அவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

கொடு, ராகவா.

வலியுல்லா


மயிலாப்பூர்
23 ஆகஸ்ட் 2025

வலியுல்லாவுக்கு,

பொறி வைத்து என்னைப் பிடித்திருக்கிறாய். அனன்யாவைத் தூதாக வைத்து, ஒரு பிரதி மட்டும் தனியாக அச்சடித்து! இவ்வளவு யோசிக்கத் தெரிந்தவன் எக்ஸ்போஷரைக் கூட்டும்போது யோசித்திருக்கலாம்.

டிஸ்க் ஓடவில்லை. பழையது, ஐந்து வருடம் அலமாரியில் இருந்தது, மயிலாப்பூர் ஈரக் காற்று. கர் என்று சத்தம் வருகிறது, படம் வரவில்லை. ஆகவே நீ சொல்லும் எண்களை நான் சரிபார்க்க முடியாது. சரிபார்க்காத ஒன்றை நான் ஒப்புக்கொள்ளவும் முடியாது.

ஆபாவுக்கு என் வாழ்த்து. வேறு படம் எடுத்துக்கொள்ளச் சொல்.

நீ எடுத்துப்போன என் முக்காலி இன்னும் திரும்பி வரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

ஸ்ரீனிவாசராகவன்


அடையாறு
29 ஆகஸ்ட் 2025

ராகவா,

முக்காலி இருக்கிறது. ஒரு கால் பூட்டு தேய்ந்துபோனது, மாற்றி வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்.

உன் கடிதத்தை ஆபாவிடம் படித்துக் காட்டினேன். துணியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கேட்டார். டிஸ்க் ஓடவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு சிரித்தார்.

“வலி, அவரு தெறந்து பார்த்துட்டாரு” என்றார்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“போன லெட்டரெல்லாம் எவ்ளோ நீளம்? தப்பு இல்லைன்னா இதுவும் நாலு பக்கம் வந்திருக்கும். விடு. எழுத வேணாம், தொந்தரவு பண்ண வேணாம். பதினஞ்சாம் தேதி வரைக்கும் பார்ப்போம். வந்தா வருது. வரலைன்னா அவங்களுக்குச் சொல்லிடு” என்று மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

எழுத வேண்டாம் என்றார். நான் எழுதுகிறேன். அவர் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ரவிக்கையைப் பார்த்து ஆளைத் தேடி வந்தவர்கள், ராகவா. இப்படி இன்னொருவர் வரமாட்டார்.

வலியுல்லா


மயிலாப்பூர்
8 செப்டம்பர் 2025

வலியுல்லா,

டிஸ்க் ஓடியது. முதல் தடவையே ஓடியது. சத்தமும் வரவில்லை.

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் வந்த அன்றைக்கே மத்தியானம் திறந்தேன். முந்நூறு மில்லிமீட்டர். ஐநூறில் ஒரு பங்கு நொடி. ஐந்து புள்ளி ஆறு. நான் வைத்தது நான்கு. அந்த எண்ணை மாணவர்களின் விடைத்தாள் மாதிரி நான்கு தடவை பார்த்தேன். மாறவில்லை. ஐந்தரை வருடம் அந்த அலமாரியிலேயே, கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. நேர்மை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பாதி வெளிச்சம்.

இரண்டு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் அறையை விட்டு வெளியே வந்தேன். ஜெயலக்ஷ்மி காரணம் கேட்கவில்லை. “ரசத்துக்கு உப்பு போறுமா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு உனக்கு அந்தப் பொய்யை எழுதினேன். ஆபா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார் என்று நீ எழுதியதிலிருந்து என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

நேற்று மறுபடி திறந்தேன். ஒரு ஸ்டாப் கூட்டினேன். என் கை எடுத்துக்கொண்டது எவ்வளவோ அவ்வளவு. அதற்கு மேல் ஒரு இழைகூட இல்லை. நீ இரண்டரை கூட்டியிருக்கிறாய், அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

கண் தெரிகிறது. முந்தானை ஓரத்தில் அவரே போட்ட ஆரிப் பூ, இதழ் இதழாகத் தெரிகிறது. இடது புருவத்துக்கு மேல் சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறதே, உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு மறந்தே போயிருந்தது. என் படத்தில் அது இருட்டில் போயிருந்தது, உன் படத்தில் வெளிச்சத்தில் போயிருந்தது. இப்போது இருக்கிறது. மீன்கடை அம்மாள் கத்தியதும் அவர் சிரித்தது காதில் கேட்கிற மாதிரி இருந்தது. அவர் கறுப்புத்தான். நான் காட்டிய கறுப்பு இல்லை.

ஜெயலக்ஷ்மியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “அட, ஹமீதான்னா இவா!” என்றாள். அன்றைக்கு நம் இரண்டு பேர் படத்தையும் பார்த்தபோது அவள் அப்படிச் சொல்லவில்லை.

படத்தை எட்டுக்குப் பத்து அளவில் நானே அச்சிட்டிருக்கிறேன். மேட் காகிதம், பளபளப்பு இல்லை. மூலப் படத்தையும் ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன், யாரும் சந்தேகப்பட வேண்டாம். பதினைந்துக்குள் வந்து சேரும்படி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நீ என் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்க்கலாம். உன் எண்ணை விடுவித்துவிட்டேன். எடுப்பேன் என்று சொல்லவில்லை.

ஏழாவது குறிப்பு இருக்கட்டும். எல்லாத் தாளிலும் போடு. ‘நன்றாகப் படித்த’ என்பதை மட்டும் எடுத்துவிடு.

என் அச்சு ஒவ்வொன்றிலும் வலது கீழ் மூலையில் பென்சிலால் கையெழுத்துப் போடுவேன் என்று உனக்குத் தெரியும். இருபது வருடத்தில் ஒன்றைக்கூட விட்டதில்லை. கல்லூரியில் என் பெயரை இரண்டாவதாகப் போட்டதிலிருந்து வந்த வழக்கம் அது. இன்று காலை பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு இந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைப் போட்டால், எடுத்தவன் யார் என்று உபைத் வீட்டில் ஒருவர் கேட்பார். அப்புறம் யார் இருட்டாக்கியது, யார் வெள்ளையாக்கியது என்று கதை ஆரம்பிக்கும். நீயும் நானும் மறுபடி ஆபாவின் முன்னால் வந்து நிற்போம். இத்தனை வருடம் நின்றது போதும்.

பென்சிலைப் பெட்டியில் போட்டுவிட்டேன். படத்தின் மூலை வெறுமையாக இருக்கிறது. பார்க்க எனக்கு என்னவோ போலத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தின் அடியிலும் அப்படியே விட்டுவிடுகிறேன். லஸ் தபால் நிலையம் மூன்று மணிக்கு விரைவுத் தபாலை நிறுத்திவிடும். இப்போதே கிளம்புகிறேன். கையெழுத்துப் போடாமல்தான் அனுப்புகிறேன்.